பழனியப்பன் தேர்ந்தெடுத்த முனை

மலேசியாவின் பண்டமாரானில் ஒரு கிடங்கில் பெட்டி பிரித்துப் பிரித்தே பழனியப்பனுக்குத் தலை நரைத்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவர் முதலில் சொல்வது கத்தியைப் பற்றித்தான். "முனை மழுங்கலா இருக்கறத எடு. கூர்முனை டேப்போட நிக்காது லா, உள்ள இருக்கற சாமானையும் சேத்துக் கிழிக்கும்."

அப்படிச் சொன்னவர், கிள்ளானில் தமக்கென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போனபோது கூர்முனையைத்தான் எடுத்தார். மழுங்கல் முனையும் பக்கத்திலேயே இருந்தது. நேரான அலகு, அடக்கமான நுனி. கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். மற்றதோ ஒரு விரல் தட்டலில் டக்கென்று விரிந்து பளபளத்தது.

"பொட்டி பிரிக்கவும் பழம் நறுக்கவும் எதுக்குங்க இவ்ளோ மூக்கு?" என்றாள் மனைவி சீதாலெட்சுமி.

"இடுப்புல மாட்டினா ஒரு ஸ்டைல் வேணாமா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காள் இராஜம்மாவின் மகள் விஷ்ணுப்ரியாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த சீர்த்தட்டுகளெல்லாம் கண்ணாடித்தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, இறுக ஒட்டியிருந்தன. அவர்கள் தரும் சேலையைக் கட்டிக்கொண்டு பெண் வந்தால்தான் தட்டு மாற்ற முடியும். ஐயர் அவசரப்படுத்தினார். கத்தரிக்கோலைக் காணவில்லை.

"தாய்மாமன் நான் இருக்கேன்ல!"

டக். கூடமே திரும்பிப் பார்த்தது. பழனியப்பன் ஒரே இழுப்பாக இழுத்தார். தாள் பிரிந்தது. அதற்கடியில் இன்னொன்றும் பிரிவது விரலுக்குத் தெரிந்தது. பட்டுச்சேலையின் மேல்மடிப்பில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல்.

சொல்லத்தான் வாய் திறந்தார். எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கீறல் தெரியாதபடி மடிப்பைப் புரட்டிவிட்டுத் தட்டை அக்காளிடம் நீட்டினார்.

சற்று நேரத்தில் உள்ளறையிலிருந்து இராஜம்மாவின் குரல் எழும்பியது. "கிழிஞ்ச சேலையவா எடுத்துட்டு வந்தாங்க? எம்புள்ளைக்கு மொத மொதல்ல குடுக்கறது இதானா?"

அது கூடம்வரை கேட்டது. மாப்பிள்ளையின் தாய் மலர்விழிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நானே விரிச்சுப் பாத்துதான வாங்குனேன்..." என்றார், யாரிடமென்று இல்லாமல். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "வாங்க, கெளம்பலாம்."

இன்னும் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்த அம்மாள் ஆயுசுக்கும் கிழிந்த சேலை கொடுத்தவராகிவிடுவார். பழனியப்பன் அறை வாசலுக்குப் போனார்.

"அவங்க இல்லக்கா. நாந்தான். தட்டப் பிரிக்கறப்ப கத்தி பட்டுடுச்சு."

கதவு திறந்தது. "தெரியாமப் பட்டுச்சா?"

"தெரியாமத்தான் பட்டுச்சு. பட்டதும் பாத்தேன்."

"பாத்துட்டாடா மூடிக் குடுத்த?"

மலர்விழிதான் எழுந்து உள்ளே போனார். "பரவால்ல லா. கொசுவத்துக்குள்ள மறைச்சிறலாம். வாம்மா, நான் கட்டி விடறேன்."

பெரியப்பா மறுபடி உட்கார்ந்தார். "சம்பந்தி, கல்யாணத்துக்கு வரப்ப கைய வீசிக்கிட்டு வாங்க, போதும்!" கூடம் சிரித்தது. பழனியப்பனும் சிரித்துவைத்தார்.

பெண் வந்து அமர்ந்ததும், முதல் மாலை தாய்மாமன் போட வேண்டுமென்று ஐயர் கூப்பிட்டார். பழனியப்பன் மாலையை மனைவியிடம் நீட்டினார்.

"நீங்கதான் போடணும். போங்க," என்று சீதாலெட்சுமி முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

போட்டார். "மாமா," என்று விஷ்ணுப்ரியா நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண் அவளுடைய கொசுவத்தைவிட்டு மேலே வரவில்லை.