தனசேகர் வீட்டு பேக்கப்

1. கையால் ஓடும், தானாக ஓடாது

"ஏம்மா மேகலா, மூலக்குளம் வரைக்கும் நீயே ஒரு தடவ போய்ட்டு வந்துடு. நம்ம பசங்க ரெண்டு பேரு போய்ப் பாத்துட்டானுங்க. கையால ஓட்டுனா பேக்கப் ஓடுதாம், தானா ஓட உட்டா ஓடலயாம். அந்த வூட்டுக்காரருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. அவரு சம்சாரம் எடுத்துச் சொல்லும்" என்றார் கணேசமூர்த்தி சார்.

உழவர்கரையில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் நான் சீனியர் இன்ஜினியர். இரண்டாயிரங்களின் பின்பாதி. எல்லா வீட்டிலும் எக்ஸ்பி ஓடிக்கொண்டிருந்த காலம். பேக்கப் என்றால் சி.டி.யில் எழுதி பீரோவில் வைப்பது என்றுதான் பெரும்பாலோர் நினைத்தார்கள். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் தனி டிஸ்க், அதாவது நெட்வொர்க் டிரைவ், வைத்திருந்தவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

அந்த வீட்டுக்காரர் தனசேகருக்குத் தொழில் கல்யாண வீடியோ எடிட்டிங். மண்டபத்தில் பிடித்த டேப்பை கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, டி.வி.டி.யாகக் கொடுப்பார். படம் அவருடைய வேலை. எந்த இடத்தில் எந்தப் பாட்டு என்பது மனைவி கஸ்தூரியின் வேலை. நான் போனபோது அவர் மானிட்டரைப் பார்த்தபடி, இடது கையை சி.பி.யு. பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ரவுட்டர், அதை ஒட்டி ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. பிரான்ஸில் இருக்கும் அவருடைய நண்பர் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்து கொடுத்த நெட்வொர்க் டிரைவ் அது.

அதன் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் எல்லாம் பிரெஞ்சு. நான் முழித்தேன். கஸ்தூரி சிரித்துவிட்டார்.

"நான் ஸ்கூல்ல பிரெஞ்சுதான் எடுத்தேன் மேடம். அது மோ த பாஸ். பாஸ்வேர்டு. மேல இருக்கறது யூசர் பேரு."

அவர் படிக்கப் படிக்க நான் மாற்றினேன். தப்பு எங்கே என்று கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக அதைச் சொல்லிவிடுகிறேன். முன்பு போனவர்கள் நெட்வொர்க் டிரைவுக்கு Z என்று எழுத்துக் கொடுத்து, 'Z-இல் எழுது' என்று பேக்கப் மென்பொருளுக்குச் சொல்லியிருந்தார்கள். தனசேகர் பட்டனை அழுத்தினால் மென்பொருள் அவர் பெயரில் ஓடும். அவருக்கு Z தெரியும். ஷெட்யூல்படி தானாக ஓடும்போது அது பின்னணியில் இயங்கும் சர்வீஸாக, சிஸ்டம் என்கிற வேறொரு பெயரில் ஓடுகிறது. அந்தப் பெயருக்கு Z என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதனால்தான் தினமும் 'பாதை இல்லை' என்று திரும்பி வந்துகொண்டிருந்தது.

Z-ஐத் தூக்கிவிட்டு, பெட்டியின் ஐ.பி. முகவரியையே நேராகக் கொடுத்து, யூசர் பெயரையும் பாஸ்வேர்டையும் அந்த பேக்கப் ஜாபுக்குள்ளேயே எழுதினேன். கரன்ட் போய் வந்தால் ரவுட்டர் வேறு முகவரி கொடுத்துவிடக் கூடாது என்று ஐ.பி.யையும் நிரந்தரமாக்கினேன். ஷெட்யூலை ஐந்து நிமிடம் தள்ளி வைத்து மூவரும் காத்திருந்தோம். வெள்ளைப் பெட்டியின் பச்சை விளக்கு படபடவென்று துடிக்கத் தொடங்கியதும் தனசேகர் என் தோளுக்கு மேலே இரண்டு கைகளையும் தூக்கி, விரல்களை விரித்துக் குலுக்கினார்.

"கை தட்றாரு மேடம். அவங்க ஆளுங்க அப்படித்தான் தட்டுவாங்க" என்றார் கஸ்தூரி.

2. அஞ்சலை

நான் கிளம்பிப் பஸ் ஸ்டாப் போவதற்குள் போன் வந்துவிட்டது. நின்றுவிட்டதாம். திரும்பிப் போனேன். 'டிஸ்க்கில் இடமில்லை' என்று செய்தி. பெட்டியோ கிட்டத்தட்டக் காலி.

நான்கு ஜி.பி. எழுதியதும் நின்றிருந்தது. பார்த்தவுடன் பிடிபட்டது. பெட்டிக்குள் இருந்த டிஸ்க் FAT32 என்கிற பழைய ஃபார்மேட். அதில் ஒரு கோப்பு நான்கு ஜி.பி.க்கு மேல் வளர முடியாது. இந்த மென்பொருளோ மொத்த பேக்கப்பையும் ஒரே கோப்பாகக் கட்டப் பார்க்கிறது. வேறு ஃபார்மேட்டை அந்தப் பெட்டி ஏற்காது. மென்பொருளில் துண்டாக்கும் ஆப்ஷன் இருந்தது. இரண்டு இரண்டு ஜி.பி. துண்டாகப் போடச் சொன்னேன்.

"கல்யாண வீடியோதானே? டி.வி.டி. கொடுத்ததும் அழிச்சுடலாமே. எதுக்கு இவ்வளவும் பேக்கப்?" என்று கேட்டேன்.

கஸ்தூரி என் கேள்வியைச் சைகையில் சொன்னார். தனசேகர் தலையை ஆட்டிவிட்டு வேறொரு ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஊர்ப் பெயர்கள். ஒவ்வொரு ஊருக்குள்ளும் ஆட்களின் பெயர்கள்.

"இதுங்கல்லாம் கல்யாணம் இல்ல மேடம். நம்ம பக்கத்துக் குப்பங்க, வில்லியனூர் பக்கத்துக் கிராமங்க, அங்கல்லாம் காது கேக்காத வயசானவங்க இருக்காங்கல்ல, அவங்க. ஸ்கூலுக்கே போகாதவங்க. இவரு படிச்ச ஸ்கூலு சைகை அவங்களுக்குத் தெரியாது. அவங்கவங்க வூட்ல அவங்களே உண்டாக்குனது. ஒருத்தர் சைகை இன்னொருத்தருக்கு இருக்காது. ஞாயித்துக்கிழமையானா கேமராவ எடுத்துக்கிட்டு மொபெட்ல போயிடுவாரு. அவங்க செத்துட்டா அந்தப் பேச்சும் போயிடும்னு சொல்லுவாரு. இதுல நெறைய பேரு இப்ப உசுரோட இல்ல."

"டேப்ல இருக்குமே?"

"அடுத்த கல்யாணத்துக்கு அதே டேப்புதான் மேடம். அழிச்சு அழிச்சுப் புடிக்கறது. இருக்கறது இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு நான் அவசரப்படவில்லை. முழு பேக்கப் முடியும் வரை உட்கார்ந்திருந்தேன். மதியச் சாப்பாடு அங்கேதான். முடிந்ததும், வழக்கமாகச் செய்யாத ஒன்றைச் செய்தேன். பெட்டியிலிருந்து ஒரு கோப்பைத் திருப்பி எடுத்துப் பார்ப்போம், எது வேண்டுமோ நீங்களே சொல்லுங்கள் என்றேன். தனசேகர் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். அஞ்சலை.

கடலோரக் குப்பத்தில் ஒரு வாசல். வயதான அம்மா ஒருவர் மீன் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தார். கடல் ஊருக்குள் வந்த அந்த நாளைச் சொல்கிறார் என்றார் கஸ்தூரி. அதற்குமேல் அவர் எனக்கு எதையும் விளக்கவில்லை. விளக்கத் தேவை இருக்கவில்லை.

அஞ்சலையம்மாளின் இரண்டு உள்ளங்கைகளும் தரையில் படுத்து மெல்லப் பின்னால் போயின. கடல் உள்வாங்கியது. விரல்கள் துள்ளின, மணலில் கிடந்து துடிக்கும் மீன்கள். குனிந்து குனிந்து பொறுக்கும் பிள்ளைகள். அவர் காதைத் தொட்டு, இல்லை என்று கை விரித்தார். பிறகு தன் முகத்திலேயே நடித்துக் காட்டினார். முதலில் ஒருவர் முகம், பிறகு இன்னொருவர் முகம், பிறகு எல்லோர் முகமும் ஒரே பக்கம் திரும்புகிறது, வாய்கள் திறக்கின்றன. சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மற்றவர்கள் முகத்தில்தான் அவர் அதைப் பார்த்திருக்கிறார். அடுத்த நொடி விரல்நுனியிலிருந்து தோள்வரை அவர் கை முழுவதும் எழுந்து நின்றது. அந்தச் சின்ன மானிட்டரில், ஒரு கிழவியின் ஒற்றைக் கையில், நான் கடலைப் பார்த்தேன். இன்னொரு கை ஒரு குழந்தையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. ஓடும்போதும், விழும்போதும், எழும்போதும் அந்தப் பிடி மட்டும் தளரவே இல்லை.

ஒரு வார்த்தைகூட இல்லாத பதினைந்து நிமிடப் படம். அன்றுவரை டேட்டா என்றால் எனக்கு ஜி.பி. கணக்குதான்.

3. "கையில வேற மாதிரி அடிக்குதாம்"

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒருநாள் காலை, கடை திறந்ததும் கஸ்தூரியின் போன்.

"அக்கா, மிஷினு கையில வேற மாதிரி அடிக்குதுன்னு இவரு சொல்றாரு."

"ஸ்கிரீன்ல ஏதாவது வந்துச்சா?"

"ஒண்ணும் வரல. நல்லாத்தான் ஓடுது. ஃபேன் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. ஆனா இவரு கைய எடுக்க மாட்டேங்கறாரு. மொதல்ல பேக்கப்ப ஓட்டி முடிச்சுட்டு, அப்பறம்தான் ஒங்களுக்குப் போன் பண்ணச் சொன்னாரு."

உடனே ஆஃப் செய்யச் சொல்லிவிட்டுக் கடை வண்டியை எடுத்தேன்.

சி.பி.யு. பெட்டியைத் திறந்து, ஃபேனைக் கழற்றி ஒரு நிமிடம் மட்டும் ஆன் செய்து ஹார்ட் டிஸ்க்கிடம் காதைக் கொண்டுபோனேன். மிக லேசாக, டிக், டிக். உள்ளே தகவலைப் படிக்கிற ஹெட் தடுமாறுகிற சத்தம். இத்தனை வருடத்தில் அந்தச் சத்தத்தை எத்தனையோ கேட்டிருக்கிறேன். டிஸ்க் போகப்போகிறது என்று அர்த்தம். அடுத்த தடவை ஆன் செய்தபோது டிஸ்க் கம்ப்யூட்டரின் கண்ணிலேயே படவில்லை. செத்துவிட்டது.

அவர் இடது கை ஏன் எப்போதும் பெட்டியின் மேல் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. நாங்கள் கேட்பதை அவர் தொட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஃபேன் சத்தம் எங்கள் காதுக்கு மறைத்துவிட்ட ஒன்றை அந்த உள்ளங்கை தனியாகப் பிரித்து எடுத்திருக்கிறது. என் கையையும் அதே இடத்தில் வைத்துப் பார்த்தேன். வெறும் தகரம்தான்.

"ஒங்களுக்குத் தெரியுதா?" என்று கஸ்தூரியைக் கேட்டேன்.

"எனக்கு எங்க தெரியப் போவுது? நான் பேசறத, என் முதுகுல கை வச்சுத்தான் அவரு கேப்பாரு. கோவமா பேசறேனா, சிரிக்கறேனான்னு சொல்லிடுவாரு."

புது டிஸ்க் போட்டு, எக்ஸ்பி ஏற்றி, மென்பொருளை ஏற்றி, வெள்ளைப் பெட்டியின் முகவரியைக் கொடுத்து, முதல் துண்டைக் காட்டினேன். 'பேக்கப் ஆர்கைவ் முழுமையாக இல்லை' என்று வந்தது. மறுபடி கொடுத்தேன். அதே செய்தி. தனசேகர் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது.

கஸ்தூரி மெதுவாக, "போயிடுச்சாக்கா?" என்றார்.

"இரும்மா, பாக்கறேன்."

எழுந்து வாசலுக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, மென்பொருளின் ஹெல்ப் பக்கத்தை வரி வரியாகப் படித்தேன். துண்டாக்கிய பேக்கப்பில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை கடைசித் துண்டில்தான் இருக்குமாம். முதலில் கேட்பது அதைத்தான்; அன்று பழைய டிஸ்க்கிலேயே அதன் நகல் இருந்ததால் கேட்கவில்லை. கடைசித் துண்டைக் காட்டினேன். மென்பொருள் சிறிது யோசித்தது. பிறகு ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பச்சை விளக்கு துடித்துக்கொண்டே இருந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ரீஸ்டோர் முடிந்தது. ஒரு ஆள்கூடக் குறையவில்லை.

தனசேகர் அஞ்சலையம்மாளைத் திறந்து சில நொடிகள் ஓடவிட்டு நிறுத்தினார். பிறகு சேரில் சாய்ந்து கண்களை மூடிக்கொண்டார். அவர் கண்களை மூடினால் அவரிடம் யாரும் எதுவும் பேச முடியாது.

4. ஒரு சைகை

கிளம்பும்போது தனசேகர் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். கஸ்தூரியிடம் வேகமாக ஏதோ கேட்டார். அவர் பதில் சொல்ல, இருவரும் ஒரு சின்ன வாக்குவாதம்போல மாறி மாறிக் கைகளை அசைத்தார்கள்.

"என்னவாம்?"

"பேக்கப்புக்கு அவங்க பாஷையில சைகையே இல்லியாம்க்கா. நீங்க பண்ணறத வச்சு ஒண்ணு உண்டாக்கிட்டாராம். இனிமே ஒங்க பேரும் அதுதானாம்."

தனசேகர் இடது கையை முஷ்டியாக முன்னால் நீட்டினார். வலது முஷ்டியை அதன் பின்னால் ஒட்டி வைத்தார். இடது கை விரிந்து கீழே விழுந்தது. பின்னால் இருந்த முஷ்டி முன்னால் வந்து அந்த இடத்தில் நின்று, மெல்லத் திறந்தது.

நான் செய்து காட்டினேன். முஷ்டியைப் பின்னால் ஒட்டிவைத்ததோடு நிறுத்திவிட்டேன். அவர் தலையை ஆட்டி மறுத்து, என் வலது கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து, விரல்களைத் தானே பிரித்துவிட்டார்.

அதன்பின் எத்தனையோ ஆபீஸ்களில் பேக்கப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மென்பொருள் மாறிவிட்டது, பெட்டிகள் மாறிவிட்டன. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று திரையில் வந்ததும் பையைத் தூக்காதீர்கள். பத்திரப்படுத்துவது பாதி வேலை. அந்த வீட்டுக்காரரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவருக்கு எது உயிரோ அதை ஒன்றாவது திருப்பி எடுத்து, அவர் கண்முன்னே திறந்து காட்டிவிட்டு வாருங்கள்.