பதிமூணாம் நம்பர் கம்பி

நேற்று மத்தியானம் கூரியர்காரர் நீட்டிய கவரை வாங்கியதும் கிழித்து உள்ளே மூக்கை விட்டேன். அம்மா பார்த்துவிட்டாள்.

"கம்பிய மோந்து பாக்குறவன இப்பத்தான்டா பாக்குறேன்."

புதுக் கிடார் கம்பிக்கு ஒரு வாசனை உண்டு. இரும்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி, கையில் ரொம்ப நேரம் மூடி வைத்திருந்த சில்லறையை மோந்த மாதிரி. நல்ல வாசனைதான். ஆனால் ஏலக்காய் இல்லையே என்று இருந்தது. கிடார் கம்பியில் ஏலக்காய் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான், சொல்கிறேன்.

என் முதல் கிடார் பாயசம் மாதிரி மணக்கும். அதற்குக் காரணம் பாண்டி. காலேஜில் என் பக்கத்து பெஞ்சு, எங்கள் பாட்டுக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன். குரங்கணிக்கு மேலே மலையில் அவன் வீட்டாருக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. லீவு நாளில் ஜீப்பில் லோடு ஏற்றி இறக்குவான். போடியில் எங்கள் தெருவில் வாசித்தால் எதிர்வீட்டுக்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருமுவார். அதனால் பயிற்சிக்கு மேலே தோட்டத்துக்குப் போய்விடுவோம்.

மேலே இருமல் கிடையாது, ஆனால் மூடுபனி உண்டு. வெள்ளிக்கிழமை மாட்டிய கம்பி ஞாயிற்றுக்கிழமை புளி போட்டுத் தேய்க்க வேண்டிய செம்பு மாதிரி கறுத்துவிடும். ஈரத்துக்கு அந்த மலையில் எல்லாரும் செய்யும் வைத்தியம் ஒன்றுதான், ஸ்டோர். ஏலக்காய் உலர்த்தும் அறைக்கு அங்கே அதுதான் பெயர். வெளியே அடுப்பில் விறகு எரியும், சூடு தகரக் குழாய் வழியாக உள்ளே ஓடும், தட்டுத் தட்டாகப் பச்சைக் காய் காயும். காய்க்கு மட்டும் என்று யார் சொன்னது? கம்பளி, பள்ளிக்கூடப் பையன் நோட்டு, நனைந்த சாக்ஸ், வேலை செய்யாத டிவி ரிமோட், எல்லாம் அங்கேதான் போகும். பாண்டி என் கிடாரையும் கொண்டுபோய்த் தட்டுகளுக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டான். காலையில் எடுத்தால் கம்பி பளபளவென்று இருந்தது.

"பாத்தியா மாப்ளே, நம்ம ஸ்டோரு!"

இரண்டு பேருக்கும் ஏதோ கண்டுபிடித்துவிட்ட பெருமை. அதற்கப்புறம் மலைக்குப் போகும்போதெல்லாம் கிடாருக்கு அங்கேதான் படுக்கை.

கம்பிக்குப் பிடித்தது பசைக்குப் பிடிக்கவில்லை. கிடாரின் வயிற்றில் ஒரு மரக்கட்டை ஒட்டியிருக்கும், பிரிட்ஜ். ஆறு கம்பியும் அதைப் பிடித்துத்தான் இழுத்துக்கொண்டு நிற்கும். மழைக்காலம் முடிந்து பார்த்தால் அதன் பின்பக்கம் லேசாகத் தூக்கியிருந்தது, விசிட்டிங் கார்டு நுழைகிற அளவுக்கு. தச்சர்கள் போடும் வெள்ளைப் பசையைப் பிழிந்து, மேலே செங்கல்லை வைத்து, சாமி கும்பிட்டு ஒட்டினேன். பத்தாம் நம்பர் கம்பிக்குத் தாங்கியது. கம்பிகளை ஒல்லிக் கம்பியின் பருமனை வைத்துத்தான் நம்பர் சொல்வார்கள். பத்து என்றால் ஒல்லி, விரலுக்குச் சுகம், சத்தம் பளீரென்று இருக்கும். பதிமூணு என்றால் தடிமன். இழுவை அதிகம், விரல் காய்த்துப்போகும்.

பதிமூணுக்கு நான் போக நேர்ந்தது வளர்மதியால்.

வளரு சிலமலைக்காரி, எங்கள் பாட்டுக்காரி. அஞ்சு கட்டை சுருதியில் பாடுவாள். சரணத்தில் உச்சத்துக்குப் போகும்போது, பாண்டி ஜீப்பு குரங்கணி ஏத்தத்தை இரண்டாவது கியரில் ஏறுகிற மாதிரி, திணறாமல் அவசரப்படாமல் ஏறும் அந்தக் குரல். கடைசி வருஷத்தில் கழுத்தில் ஒரு வீக்கம், ஆபரேஷன் ஆயிற்று. பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, பாடலாம், உச்சத்துக்கு மட்டும் அவசரப்படாதீர்கள் என்றாராம் டாக்டர். அவள் உச்சத்துக்கும் போகவில்லை, அடிவாரத்துக்கும் வரவில்லை. ஒரு வருஷம் பாட வாயே திறக்கவில்லை.

அப்புறம் அவள் ஊர்க் கோயில் பொங்கலுக்குக் கச்சேரி கேட்டு வந்தார்கள். சரி என்றுவிட்டு எங்களிடம் வந்து நின்றாள்.

"ஒரே ஒரு தடவதான்டா. எங்க ஊர்ல, எங்க சனத்துக்கு முன்னாடி. பிசிறுச்சுன்னா அதோட இந்தச் சோலியே வேணாம். யாரும் வந்து ஆறுதல் சொல்லக் கூடாது."

"ஆறுதல் சொல்ற மூஞ்சியாத்தா இது?" என்றான் பாண்டி.

அவள் சிரிக்கவில்லை. "பழைய சுருதிதான். எறக்கிப் பாடச் சொன்னீங்கன்னா நான் வரல."

முதல் பயிற்சியில் அந்த உச்ச இடத்தில் குரலே இல்லை, வெறும் காற்று வந்தது. "சளி" என்றாள். "சளிதான்" என்றோம். மூன்று பேரில் யாருக்கும் சளி இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

இறங்கும்போது ஜீப்பில் பாண்டியிடம் சொன்னேன், ஒரு கட்டை இறக்கினால் பாடிவிடுவாள் என்று. "கண்டுபிடிச்சிருவாளே" என்றான். உண்மைதான். பக்கத்தில் நின்று என் இடது கையைப் பார்த்துத்தான் அவள் அடுத்த அடி எடுப்பாள். விரல் இடம் மாறினால் போச்சு. விரல் மாறாமல் சுருதி மட்டும் இறங்க வேண்டுமென்றால் ஆறு கம்பியையும் தளர்த்த வேண்டும். தளர்த்திப் பார்த்தேன். ஒல்லிக் கம்பி கொடிக்கயிறு மாதிரி தொய்ந்து, தகர டப்பாவுக்குள் ஈ புகுந்த சத்தம் போட்டது. தடிமனான கம்பியைத் தளர்த்தினால் தொய்யாது. தளர்த்துவதால் இழுவையும் குறையும், ஒட்டுப் போட்ட பிரிட்ஜும் தாங்க வேண்டும். அந்த 'வேண்டும்' ஒன்றுதான் என்னிடம் இருந்த உத்தரவாதம்.

போடியில் ஷட்டில் மட்டையும் கேரம் பவுடரும் விற்கிற கடை ஒன்றில் கிடார் கம்பி வைத்திருந்தார்கள். "கம்பின்னா கம்பிதான் தம்பி, அதுல என்ன ஒல்லி, குண்டு?" என்றார் கடைக்காரர். மதுரைக்குப் பஸ் ஏறினேன். அங்கே மூன்று விதக் கம்பி மாட்டிய மூன்று கிடாரை எடுத்துப் போட்டு, தடவிப் பார், தட்டிப் பார் என்றார்கள். முதலாவது சாதா வெண்கலம், கண்ணாடி வளையல் மாதிரி கலகலவென்று இருந்தது. மேலே பூச்சுப் பூசியது ஒன்று, துருப்பிடிக்காது, ஆனால் விரலுக்கு எண்ணெய் தடவிய மாதிரி வழுக்கியது. மூன்றாவது பாஸ்பர் வெண்கலம், கொஞ்சம் இருட்டான, உருண்ட சத்தம். பளீர்க் கம்பி குரலில் உள்ள கீறலை எல்லாம் விளக்குப் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும் என்று தோன்றியது. உருண்ட சத்தத்தையே எடுத்தேன்.

அடுத்த பயிற்சி. பாண்டியின் கீபோர்டு ரிப்பேருக்குப் போயிருந்ததால் கிடார் மட்டும்தான். பாடினாள். உச்சம் வந்தது. பாட்டு முடிந்ததும் தண்ணீர் குடித்தாள்.

"வந்துருச்சுல்ல?"

"வந்துருச்சு" என்றேன், கிடாரின் முறுக்காணியைப் பார்த்துக்கொண்டு.

"நாந்தான் சொன்னேன்ல, சளின்னு" என்றான் பாண்டி.

பொங்கல் அன்று சாயங்காலம் கோயில் முன்னால் மேடை. கீபோர்டு வந்துவிட்டது. அதில் சுருதியை மாற்ற ஒரு பட்டன் உண்டு, பாண்டி ஒரு கட்டை இறக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். வளரு ஏறினாள். கழுத்துத் தழும்பின்மேல் சங்கிலி சரியாகப் படிகிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மைக்கைப் பிடித்தாள். கரண்டு போயிற்று.

ஜெனரேட்டர் உடனே வந்துவிட்டது. ஆனால் அணைந்து எரிந்த கீபோர்டு, இறக்கி வைத்த சுருதியை மறந்து பழையபடி ஆகிவிட்டது. பாண்டியும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அவன் அஞ்சு கட்டையில் ஆரம்பித்தான். நான் நாலு கட்டையில் விழுந்தேன். ஜீப்பு ஹாரனும் கோயில் மாடும் ஒன்றாகக் கத்தினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"என்னப்பா, ஆளுக்கொரு பாட்டா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சிரிப்பு.

வளரு கையைத் தூக்கி நிறுத்தினாள். பாண்டியைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் வந்து, மைக்கை ஒரு கையால் பொத்திக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் கம்பியை வருடினாள்.

"குண்டா இருக்கு. எப்ப மாத்துன?"

கிடாரைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"அன்னிக்கு வந்துச்சே… அது இதுலதானா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஏத்து."

"வளரு, பிரிட்ஜ் தாங்காது."

"தாங்குற வரைக்கும் தாங்கட்டும். ஏத்துடா."

கிடாரின் கழுத்தைக் கவ்வும் கிளிப் ஒன்று இருக்கிறது. அதை மாட்டினால் முறுக்காமலே சுருதி ஏறிவிடும். அவள் கண்ணில் பட்டால் சந்தேகம் வருமென்று புத்திசாலித்தனமாக வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன். முறுக்க ஆரம்பித்தேன். யாருடைய பைக்கோ தேர்ப்பாதையில் நிற்கிறது, வெரசா எடுங்கள் என்று மைக் செட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பி ஏறும்போதும் பசை உள்ளே முனகியது. விசிட்டிங் கார்டு சந்து, இப்போது காசு போடுகிற உண்டியல் சந்தாகியிருந்தது.

பாடினாள். பல்லவி கடந்தது. சரணம் தொடங்கியது. நான் ஒரு கண்ணால் பிரிட்ஜையும் ஒரு கண்ணால் அவள் கழுத்தையும் பார்த்துக்கொண்டிருந்தேன். சங்கிலி நகர்ந்து தழும்பு தெரிந்தது, பக்கத்தில் நரம்பு புடைத்திருந்தது. முன்வரிசையில் அவள் அம்மா இரண்டு கையாலும் முந்தானையைப் பிடித்திருந்தாள். இன்னும் இரண்டு வரி. இன்னும் ஒரு வரி. எது முதலில் விடும்?

பிரிட்ஜ் விட்டது. அதிர்வெடி மாதிரி ஒரு சத்தம். கட்டை பிய்ந்து கம்பியோடு என் தாடையில் அடித்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள், பாண்டி பயந்து கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

வளரு நிறுத்தவில்லை. பிடித்துக்கொள்ள ஒரு சத்தமும் இல்லாமல், அடுத்த வரிக்குள் அவள் குரல் தானாகக் கீழே இறங்கியது. செங்குத்துப் பாதையை விட்டுவிட்டு ஒருத்தி சுற்றுப்பாதையைப் பிடித்து நடக்கிற மாதிரி. அந்த வழியாகவே போய் உச்சத்தைத் தொட்டாள். காற்று இல்லை, கீறல் இல்லை. கொஞ்சம் இருட்டான, உருண்ட குரல். கூட்டத்தில் கேலி பேசினவர் "ம்ம்" என்றது எனக்குக் கேட்டது.

பாண்டி மெல்லத் தடவித் தடவி அவள் சுருதியைக் கண்டுபிடித்துச் சேர்ந்துகொண்டான். மூணு கட்டை. நாங்கள் ரகசியமாகப் போட்ட கணக்கும் தப்பு, அவள் தொண்டைக்கு நாலு கட்டையும் அதிகம்.

கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் பொங்கல் தின்றுகொண்டிருந்தோம். நானும் பாண்டியும் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அவள் தன் இலையை மடித்துவிட்டுச் சொன்னாள்.

"அடுத்த தடவ என்னையக் கேளுங்கடா, கெட்டிக்காரனுங்களா. தொண்ட எங்கிட்டத்தான இருக்கு."

திட்டுதான். ஆனால் 'அடுத்த தடவ' என்றாளே, அந்த இடத்தில் பாண்டி இலைக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினான். வலித்தது.

அந்தக் கிடார் இப்போது இல்லை. பாண்டி வீட்டு ஸ்டோருக்கு மிஷின் வந்துவிட்டது, அதற்குள் யாரும் கம்பளி தொங்கவிட முடியாது. நேற்று வந்த கவரில் இருப்பதும் பதிமூணுதான். "மூணு கட்டைக்குத் தோதா பாத்து வாங்கு" என்று அவளே போனில் சொன்னது.

காலையில் மாட்டிவிட்டு, அவளுடைய அஞ்சு கட்டைக் குரல் எங்காவது இருக்கிறதா என்று பழைய போனைத் தேடினேன். பாண்டி பரோட்டா பிய்க்கிற வீடியோ இருக்கிறது, எதிர்வீட்டுக்காரர் இருமுவதைக்கூடப் பதிந்து வைத்திருக்கிறோம். பாட்டு மட்டும் இல்லை. எப்போது கேட்டாலும் பாடுவாளே என்று விட்டிருக்கிறோம். கடைசியில் ஒன்று கிடைத்தது. ஜீப்பு குரங்கணி ஏத்தத்தில் ஏறுகிறது, வளரு பின்னால் மூட்டைமேல் உட்கார்ந்து பாடுகிறாள், சரணம், குரல் ஏறுகிறது, ஏறுகிறது. உச்சம் வருகிற இடத்தில் ஒரு கொண்டையூசி வளைவு. பாண்டி ஹாரன் அடிக்கிறான்.