பெருங்காயம் சேராத தளிகை

தாமிரபரணியை நான் முதலில் அறிந்தது பாசுரங்களின் வழியாகத்தான். அதன் கரையிலுள்ள பெருமாள் கோயில்களை என் நாவு இளமையிலேயே வலம் வந்துவிட்டது. கால்கள் மட்டும் திருச்சியிலேயே தங்கிவிட்டன. மழை ஓய்ந்து வயல்கள் பசுமை கொண்ட ஒரு தை மாதத்தில்தான் நானும் என் மனைவியும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறினோம்.

அவளுக்குக் கோதுமை ஆகாது. அதிலுள்ள குளுட்டன் என்னும் பசைச்சத்து சிறிதளவு உள்ளே போனாலும் குடல் புண்ணாகிவிடும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கோதுமையை விலக்குவது எளிது. அது ஒளிந்திருக்கும் இடங்களை அறிவதே கடினம். கடைகளில் விற்கும் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவைக் கலக்கிறார்கள். ஆகவே வெளியூரில் சாம்பார், ரசம், ஊறுகாய் எதையும் அவள் தொடுவதில்லை. மதுரையில் ஒரு கரண்டி சாம்பாரை நம்பியதன் பயனாகக் கோபுரத்தை விடுதி ஜன்னல் வழியாக மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"இந்தத் தடவையும் படுத்துண்டுட்டேன்னா, இனிமே ஊர் பார்க்கற ஆசையே எனக்கு வேண்டாம். நீங்க தனியாப் போய்ச் சேவிச்சுட்டு வந்து சொல்லுங்கோ, கேட்டுக்கறேன்" என்றாள், ரயில் புறப்படும்போதே. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அவள் சொன்னால் சொன்னதுதான்.

அன்று மாலை பெரிய கோயிலருகே விளக்குகள் ஏற்றப்படும் நேரத்தில் நடந்தோம். நெய்யின் மணம் தெருவை நிறைத்திருந்தது. மனிதர்கள் அந்த மணத்தினுள் மிதப்பவர்களைப் போல் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓர் அல்வாக் கடைக்கு எதிரே அவள் கண்களை மூடி நின்றுவிட்டாள்.

"ஏன் அண்ணாச்சி, அம்மா வாசலோட நிக்காங்க? உள்ள வரச் சொல்லுங்க. சூடா இருக்கு" என்றார் கடைக்காரர்.

"அவளுக்குக் கோதுமை ஆகாதப்பா."

"இதுல கோதுமையே கெடையாதே! கோதுமைப் பாலுல்லா ஊத்துதோம்?"

இலைத்துண்டில் அல்வா தின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் திரும்பினார். "ஏலே, அந்தப் பாலை மாட்டுலயா கறந்தே?"

"நீரு பேசாம தின்னும் வே. யாவாரத்தக் கெடுத்துராதியும்."

அவள் கண்ணைத் திறந்து சிரித்தாள். "வாசனைக்கு ஒண்ணும் பண்ணாது. இன்னும் கொஞ்ச நேரம் நிக்கலாம்" என்றாள்.

இரவு உணவகத்தில் பரிமாறியவருக்கோ எங்களைப் புரியவே இல்லை. "எல்லாரும் சுகருன்னு சோறு வேண்டாம், சப்பாத்தி குடுங்காங்க. நீங்க தலகீழாக் கேக்கிய. ரவா தோசை கொண்டாரட்டா? அது ரவைதான், கோதுமை இல்ல." அவள் கையோடு கொண்டுவந்திருந்த மிளகாய்ப் பொடியைத் தொட்டு இட்லி தின்றாள். மறுநாள் காலையும் அதே இட்லி, அதே பொடி.

அதன்பின் ஆற்றை ஒட்டிக் கிழக்கே சென்றோம். பேருந்தின் ஜன்னலில் நீரும் வாழையும் நாரைகளும் மாறிமாறி வந்தன. இது பயணமா, நான் நெடுங்காலமாக ஓதிவரும் ஒரு பாசுரத்தின் உட்புறமா என்று மயங்கினேன். ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கியபோது உச்சிப்பொழுது; கோயில் நடை சாத்தியிருந்தது. அவள் முகம் வாடியிருந்தது. பசி என்று சொல்லவில்லை. "சாயங்கால ரயிலுக்கே திரும்பிடலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

யாத்திரிகர்களுக்குத் தளிகை செய்து தரும் மாமி ஒருவர் அடுத்த தெருவில் இருப்பதாகப் பூக்காரர் சொன்னார். தளிகை என்பது எங்கள் வீடுகளில் சமையலுக்குப் பெயர்; ரசத்துக்குச் சாத்தமுது. வாசலிலேயே பெருங்காயம் மணத்தது. திரும்பிவிடலாம் என்று நான் எண்ணியபோது அவள் உள்ளே போய்விட்டாள்.

"மாமி, பெருங்காயம் போடாம எனக்கு ஏதாவது பண்ணித் தருவேளா?"

"அது இல்லாம சாத்தமுது எப்படி மணக்கும்?"

"திவசத்துக்குப் பண்ணுவேளே, அந்த மாதிரி."

அந்த மாமியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இறந்தோருக்குரிய திவசச் சமையலில் பெருங்காயம் சேர்க்கும் வழக்கம் எங்களிடையே இல்லை, கடுகும் இல்லை. என் மனைவி ஆண்டுதோறும் வீட்டிலேயே அதைச் செய்கிறவள். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

"யாருக்குத் திவசம்?" என்று மாமி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எனக்குத்தான்."

"நன்னா இருக்கு! ஆத்துக்காரர் குத்துக்கல்லாட்டம் பக்கத்துல நிக்கறார். வாயில வர வார்த்தையைப் பாரு!"

நானும் அவளைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றி நிறையக் குங்குமம் இட்டவள் கேட்கக்கூடியதா இது? அவள் தன் நோயை விளக்கிச் சொன்னாள். மாமி சிறிது யோசித்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"ஒண்ணு பண்றேன். பெருங்காயம் வேண்டாம், சரி. ஆனா கடுகு தாளிச்சுடுவேன். கடுகு வெடிச்சுடுத்துன்னா அது திவசத் தளிகை இல்லே. உனக்கும் தோஷமில்லே, எனக்கும் பயமில்லே."

தனிப் பாத்திரத்தில் மிளகுச் சாத்தமுது கொதித்தது. வாழைக்காய்க் கறியில் கடுகு படபடவென்று வெடித்தபோது மூவரும் சிரித்துவிட்டோம். பயத்தம்பருப்பு, நெய், கெட்டித் தயிர். மறுசோறு கேட்டு வாங்கி, இலையை வழித்து அவள் உண்டதை அச்சத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன். மதுரையிலும் முதலில் நன்றாகத்தான் உண்டாள்.

அந்தி வேளையில் பெருமாளைச் சேவித்தோம். துளசியும் தீர்த்தமும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தோம். வானின் செம்மை நீரில் கரைந்து, கரையெது நீரெது என்று தெரியாமல் கிடந்தது. அவள் கால்களை நீரில் நனைத்துக்கொண்டு நெடுநேரம் அமர்ந்திருந்தாள். இரவு அவ்வூரிலேயே தங்கினோம். அவள் மூச்சைக் கேட்டபடி பாசுரங்களை மனத்துள் சொல்லிக் கிடந்த நான் எப்போது உறங்கினேன் என்பதை அறியேன்.

கண்விழித்தபோது அவள் படுக்கை காலியாக இருந்தது. பதறி எழுந்தேன். நீராடிய ஈரக்கூந்தலோடு அவள் வாசலிலிருந்து வந்தாள்.

"கொற்கை இங்கேர்ந்து பக்கமாமே?"

"பழைய துறைமுகம். இப்போது அங்கே கடல்கூட இல்லை. பார்க்க என்ன இருக்கிறது?"

"கடல் இருந்த இடம் இருக்குமோல்லியோ? எழுந்து குளியுங்கோ. மாமியாண்ட ரெண்டு பேருக்கும் கட்டுச்சாதத்துக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்."