லங்காவியில் சாக்லெட் செய்யப் போன காலை

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். எத்தனையோ கப்பல்களின் பெயர்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. இதை அடிக்கடி சொல்லி மகளின் காதைப் புளிக்க வைத்துவிட்டேன் போலிருக்கிறது. போன ஆண்டு எனக்கும் என் கணவருக்கும் உல்லாசக் கப்பலில் டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, லங்காவியில் ஒரு பகல் இறங்கி, அடுத்த நாள் காலை கிள்ளானுக்கே திரும்பும் சின்னப் பயணம்.

முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எங்களோடு உட்கார வைக்கப்பட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த இளம் தம்பதி. அவனுக்குக் கணினி நிறுவனத்தில் வேலை, தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் அடுக்குமாடி வீடு. எழுந்து நின்று வணக்கம் சொன்னான். என் கணவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்ததும் பணியாளரைக் கூப்பிட்டு வேறு பானம் கொண்டுவரச் சொன்னான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பையனா என்று எனக்குப் பிடித்துப்போனது.

அந்தப் பெண் பேசவில்லை. நான் அவளிடம் ஊர் எது என்று கேட்டேன். அவன் பதில் சொன்னான். என்ன படித்திருக்கிறாய் என்றேன், அதற்கும் அவனே. அவளுக்கு என்ன சாப்பாடு என்பதையும் அவன்தான் சொன்னான். உன் நம்பரைக் கொடும்மா, பிரிக்பீல்ட்ஸ் வந்தால் கூப்பிடுகிறேன் என்றதற்குச் சிரித்துக்கொண்டே, “அவளுக்குப் போன் ஒத்துக்காது ஆன்ட்டி, தலைவலி வரும். அதான் வெச்சுக்கல” என்றான். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பசி போய்விட்டது. ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

அடுத்த நாள் தீவில் சாக்லெட் செய்யக் கற்றுத்தரும் இடத்துக்கு நாங்கள் பெயர் கொடுத்திருந்தோம். இதை என் கணவர் மேசையில் சொன்னதும், நாங்களும் வருகிறோம் என்றான் அவன்.

படகுத்துறையில் இருந்து வேன் மலையடிவாரத்துக்குப் போனது. காலைதான் என்றாலும் மலைக்கு மேல் வானம் கறுத்துக் கிடந்தது. காற்றே இல்லை. கொக்கோ மரங்களுக்குக் கீழே சருகு தடிமனாகக் கிடந்தது. அதற்குள் எதுவோ ஊர்ந்து போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காய்கள் கிளையில் தொங்காமல் அடிமரத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. எனக்கு ஏனோ பார்க்கப் பிடிக்கவில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த மலாய்ப் பெண் ஒரு காயை வெட்டித் திறந்தாள். உள்ளே மங்குஸ்தான் சுளை போல வெள்ளையாக இருந்தது. ஆளுக்கொரு விதையை எடுத்துச் சப்பச் சொன்னாள். அவன் மனைவி கையை நீட்டினாள். அவன் அவள் விதையை வாங்கித் தன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, புளிப்பு உனக்கு ஆகாது என்று சொன்னான். பிறகு அவன் மரத்தைப் படம் எடுக்கத் திரும்பியபோது, அவள் சட்டென்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடிச் சப்பினாள். நான் பார்ப்பது தெரிந்ததும் விழுங்கிவிட்டாள், கொட்டையோடு.

உள்ளே நீளமான கல் மேசை. உருக்கிய சாக்லெட்டைக் கல்லில் ஊற்றி, தகட்டால் பரப்பி, மறுபடி கூட்டி, சூடு தணிந்ததும் அச்சில் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் முழுவதும் திரிந்து கட்டியாகிவிடும், கை நன்றாகக் காய்ந்திருக்கட்டும் என்றாள் அந்த மலாய்ப் பெண். உடனே அவன் தன் மனைவியின் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாகத் துடைத்தான். பக்கத்தில் நின்ற இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அதைப் பார்த்து உருகிப்போனார்கள். அவளுடைய விரல்கள் விறைத்து நின்றதை நான் பார்த்தேன்.

அவள் அச்சில் ஊற்றினாள். அவன் அதை வழித்து எடுத்து மறுபடி ஊற்றினான். “இவளுக்கு எதையும் நேரா ஊத்தத் தெரியாது ஆன்ட்டி” என்றான் அன்பாக. பிறகு போனைத் தூக்கிக்கொண்டு “சிரி” என்றான். அவள் சிரித்தாள். படம் சரியாக வரவில்லை. மறுபடி, “சிரி.” அவள் சிரித்த மாதிரியே, அசையாமல், அவன் போதும் என்று சொல்லும்வரை நின்றாள்.

அச்சுகளைக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு எங்களைக் காத்திருக்கச் சொன்னார்கள். அவள் கழிவறைக்குப் போக எழுந்தாள். அவனும் எழுந்தான். நான் முந்திக்கொண்டு, “நானும் அங்கதான் போறேன். வாம்மா” என்று அவள் தோளில் கை போட்டேன். அவன் மறுபடி உட்கார்ந்தான்.

கதவைச் சாத்தியதும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“அக்கா, உங்க போனைக் கொஞ்சம் தரீங்களா? எங்க அண்ணனுக்குப் பேசணும்.”

கொடுத்தேன். நம்பர் அவளுக்கு மனப்பாடமாக இருந்தது. மழைச் சத்தத்தில் கேட்கவேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டாள். அதனால் அவள் அண்ணன் பேசியது எனக்கும் கேட்டது. யாரென்று தெரிந்ததும் அவனுக்குச் சந்தோஷம். “கப்பல்ல போறீங்களாமே? மாப்பிள்ளை போட்டோ அனுப்பினாரு. நல்லா சிரிச்சுகிட்டுதானே இருக்கே?” என்றான்.

“சிரிக்கச் சொல்றாருண்ணே” என்றாள் அவள்.

“என்னம்மா சொல்றே?” என்றான் அண்ணன்.

அவள் அழவில்லை. வேகமாக, சொல்லிச் சொல்லிப் பழகி வைத்தவள் போலச் சொன்னாள். அவன் வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான். வந்ததிலிருந்து அவள் தனியாகக் கீழே இறங்கியதே இல்லை. பிரிக்பீல்ட்ஸ் என்றால் அவளுக்கு மேலிருந்து தெரியும் பூக்கடைக் குடையும் ரயில் சத்தமும்தான். பிறகு, நேற்று கப்பல் பால்கனியில் நடந்ததைச் சொன்னாள். கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டு அவன் பின்னால் நின்றிருக்கிறான். இங்கிருந்து ஒருத்தி விழுந்தால் யாருக்காவது தெரியுமா என்று சாதாரணமாகக் கேட்டிருக்கிறான். கேட்டுவிட்டு உள்ளே போய்த் தூங்கிவிட்டான்.

கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. “ஆன்ட்டி, உள்ள எல்லாம் ஓகேவா?”

போனை வாங்கி, பேச்சைத் துண்டித்து, பைக்குள் போட்டேன். எனக்கு வயிறு சரியில்லை, இந்தப் பெண்தான் துணைக்கு நின்றாள் என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்தான், வெகுநேரம்.

கப்பலுக்குத் திரும்பியதும் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்தவர் குடும்ப விவகாரம் நமக்கு எதற்கு என்று ஆரம்பித்தார். பால்கனியில் அவன் கேட்டதைச் சொன்னதும் பேச்சை நிறுத்தி, செருப்பை மாட்டிக்கொண்டு, “கெளம்பு” என்றார். இருவரும் கீழே வரவேற்பு இடத்துக்குப் போனோம். பாதுகாப்பு அதிகாரி ஒரு பிலிப்பினோ பெண். முழுவதும் கேட்டுக்கொண்டு, ஆளோடு அவர்கள் அறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் வாடியிருந்தது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டும் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் அந்தப் பெண் சொன்னாளாம். ஒரு காவலரை அவர்கள் அறைக்கு வெளியே நடைவழியிலேயே நிறுத்தி வைப்பதாகச் சொன்னாள்.

சாப்பாட்டுக்கு அவன் மட்டும் வந்தான். அவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லையாம். சூப்பைக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: “எங்க ரூமுக்கு யாரோ ஆள் அனுப்பினாங்க ஆன்ட்டி. யாருன்னு தெரியல. பாவம், எங்களைப் பத்தி ரொம்பக் கவலைப்படுறாங்க போல.”

என் கணவர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்தேன். குடிக்காமலே வைத்துவிட்டேன். அன்றிரவு கடல் அமைதியாகத்தான் இருந்தது. அலை ஒன்று சற்று ஓங்கி அடித்தாலும் எழுந்து உட்கார்ந்தேன்.

விடிந்ததும் கிள்ளான். இறங்கும் கூட்டத்தில் அவளைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இரண்டு பாஸ்போர்ட்டும் அவன் கையில் இருந்தன. லங்காவி உள்நாடுதான் என்றாலும், கப்பல் வெளிக்கடலுக்குப் போய் வந்ததால் பாஸ்போர்ட் சோதனை உண்டு. அந்தக் குடிநுழைவு முகப்பில் ஒவ்வொருவராகத்தான் போக வேண்டும் என்பதால், அவளுடையதை அவளிடம் கொடுத்து முன்னால் அனுப்பினான். அவள் முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். அடுத்து அவன் வந்து, வழக்கம்போலக் கையை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“அக்கா, உங்க கார்ல இடம் இருக்கா?”

“காடியில இடம் நெறைய இருக்கு, வாம்மா” என்றார் என் கணவர். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றார்.

அத்தனை பேர் முன்னால் அவன் சத்தம் போடவில்லை. நெருங்கி வந்து என்னிடம் மட்டும், மெதுவாக, “எத்தனை நாளைக்கு வெச்சுக்குவீங்க ஆன்ட்டி?” என்று கேட்டான்.

துறைமுகம் இருக்கும் பூலாவ் இண்டாவிலிருந்து வரும் சாலையில் ஒரு வெள்ளைக் கார் எங்கள் பின்னாலேயே வந்தது. நாங்கள் வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைத்தது. அவள் பின்னால் திரும்பவே இல்லை. மடியில் இருந்த பாஸ்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவர் வீட்டுக்குத் திரும்பும் வளைவில் திரும்பாமல் நேரே போலீஸ் ஸ்டேஷனுக்கு விட்டார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் அந்தக் கார் வாசலில் சற்று நின்றுவிட்டுப் போனது. அவன்தானா என்று இன்றுவரை தெரியாது.

புகார் கொடுத்தோம். அவள் அண்ணன் கிடைத்த விமானத்தில் வந்து சேர்ந்தான். அதுவரை எங்கள் வீட்டில் இருந்தாள். முதல் நாள் அறைக் கதவைத் திறந்து வைத்தே தூங்கினாள். ஊருக்குப் போனபிறகு ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் ஒரு முறையாவது பேசுவாள். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது.

இந்த ஆண்டு தீபாவளிக்கு முன் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குச் சேலை எடுக்கப் போனேன். கடை வாசலில் யாரோ “ஆன்ட்டி” என்று கூப்பிட்டார்கள். அவன்தான். அதே மரியாதை. அங்கிளுக்குச் சர்க்கரை எப்படி இருக்கிறது என்று விசாரித்தான்.

“கேஸ் முடியப்போகுது ஆன்ட்டி” என்றான். கையிலிருந்த துணிப்பையைக் காட்டினான். “வீட்ல வேற பொண்ணு பார்த்துட்டாங்க. அதுக்குத்தான் சேலை.”

“எந்த ஊரு?” என்று கேட்டேன்.

அவன் சிரித்தான். சொல்லவில்லை. வணக்கம் வைத்துவிட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டான். அங்கேயே நின்று அவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டேன். விசாரிக்கிறேன் அக்கா என்றான். பல பக்கமும் விசாரித்திருக்கிறான். அந்தப் புதுப் பெண் யார், எந்த ஊர் என்று இதுவரை தெரியவில்லை.