அவர் தலைக்கு ஹெல்மெட், என் தலைக்கு முக்காடு

யோவேலை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று என்னால் அடுப்பைப் பற்ற வைக்க முடியவில்லை. எங்கள் சபையில் கிட்டார் வாசித்த பையன் அவன். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெங்களூர் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வந்தவன், திருமழிசைக்கு முன்னால் பள்ளத்தில் வண்டி துள்ளிக் கீழே விழுந்தான். கை காலில் சிராய்ப்புகூட அதிகம் இல்லை. ஹெல்மெட் இல்லாத தலைதான் தரையில் மோதியது. பெட்டிக்குள் தூங்குகிறவன் மாதிரி கிடந்தான். அவனுடைய அம்மா, "எய்ந்திருடா, எய்ந்திருடா" என்று கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தச் சத்தம் என் காதை விட்டுப் போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாங்கள் குமணன்சாவடியில் குடியிருந்தோம். என் கணவர் செல்வராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டினார். தினமும் காலையில் வானகரம் போய், அங்கிருந்து அயனம்பாக்கம் வழியாக எஸ்டேட்டுக்குப் போவார். மணல் லாரியும் தண்ணீர் லாரியும் மாடுகளும் போட்டி போடுகிற ரோடு. யோவேல் போன பிறகு அவர் வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடிவிடுவேன்.

வீட்டில் ஹெல்மெட் இருந்தது. ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் ஆளுக்கு ஒன்று கொடுத்திருந்தார்கள். அது சமையலறை ஆணியில் தொங்கியது. அதற்குள் நான் சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தேன். அவர் அதைப் போடாததற்குக் காரணம் அவருடைய பக்தி. உங்களுக்குச் சிரிப்பு வரலாம், எனக்கு அப்போது வரவில்லை.

வண்டியில் ஏறியதும் அவர் வாய்விட்டு ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். வானகரம் வரும் வரை எங்கள் பிள்ளைகளுக்காக. அதைத் தாண்டினால் சபைக்காக. எஸ்டேட் நெருங்கும்போது முதலாளிக்காக; அந்த மனுஷனுக்குக் கொஞ்சம் நீளமாகவே ஜெபிக்க வேண்டியிருந்தது. ஆண் ஜெபிக்கும்போது தலையை மூடக்கூடாது, பெண் மூடாமல் ஜெபிக்கக்கூடாது என்பது எங்கள் சபையில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த ஒழுங்கு. கொட்டுகிற மழையிலும் அவர் தலையில் துண்டு போட்டுக்கொள்ள மாட்டார். சபை மூப்பர் வேறு.

அடக்கத்துக்கு மறுநாள் வெங்காயத்தைக் கொட்டிவிட்டு, ஹெல்மெட்டைத் துடைத்து அவரிடம் நீட்டினேன்.

"இன்னாமே இது?"

"போட்டுகினு போங்க. உங்க கால்ல உயுந்து கேக்கறேன்."

"ஜெபம் பண்ணிகினு போறவன் தலைய மூடிகினு போலாமா? நீயும் வேதம் படிக்கிறவ தான? காக்கறவரு மேல கீறாரு. பயப்படாத."

"யோவேலுக்கும் அவரு மேல தான இருந்தாரு?"

அவர் முகம் செத்துப்போனது. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவரும் வெறுந்தலையோடு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்தான். "நல்ல வைராக்கியம்மா. தடுக்காதீங்க" என்றார். இனி யாரிடம் போய் முறையிடுவது?

உபவாசம் இருந்தேன். "ஆண்டவரே, அவர் மனசை மாத்துங்க. இல்லாட்டி வேலையை மாத்துங்க" என்று மன்றாடினேன். இரண்டும் நடக்கவில்லை. வாரங்கள் போயின. ஒரு நாள் முழங்காலில் நின்றும் ஜெபமே வரவில்லை. தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆண்டவரிடம் எனக்குக் கோபம்கூட வந்தது. அவரைத் தேடுகிறவன் தலைக்கே அவருடைய பேரால் ஆபத்து வருமா என்று கேட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "ஜெபிப்போம்" என்று பாஸ்டர் சொன்னார். பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானை தலைக்கு ஏறியது. என் கையும் வழக்கம்போல முந்தானையை இழுத்தது. இழுத்த கை அப்படியே நின்றது. மூடின தலை ஒன்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே இருக்கிறதே! ரோட்டில் அவர் செய்கிற ஜெபத்தை இந்தத் தலை செய்தால் என்ன? எனக்கு அவ்வளவு புத்தி கிடையாது. அது ஆண்டவர் கொடுத்ததுதான்.

திங்கட்கிழமை காலையில் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீங்க ரோட்டுல பண்ற ஜெபத்த எனக்குக் குட்த்துடுங்க. கெளம்பறதுக்கு முன்னால வெறுந்தலையோட இங்கயே முட்டி போட்டு ஜெபம் பண்ணுங்க. ஆமென் சொன்னப்புறம் இத்த மாட்டிகினு ரோட்டப் பாத்து ஓட்டுங்க. நீங்க எஸ்டேட்டு போய் சேர்ற வரைக்கும் முக்காடு போட்டுகினு நான் ஜெபம் பண்றேன். புள்ளைங்க, சபை, முதலாளி, ஒருத்தரையும் உட மாட்டேன்."

அங்கேயே முட்டி போட்டு ஜெபித்து ஆமென் சொன்னார். பிறகு, "முதலாளிய மறந்துடாத" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொடுத்தார். ஹெல்மெட்டை மாட்டி, தாடைக்குக் கீழே வாரை நானே இழுத்துப் பூட்டினேன்.

"கய்த்த நெரிக்கிது மே."

"கொஞ்சம் நெரிக்கட்டும். தொளதொளன்னு இருந்தா கய்ண்டுகினு போய்டும்."

அன்று முதல் அதுவே எங்கள் வீட்டு வழக்கமானது. அவர் போனதும் நான் முக்காட்டோடு உட்கார்ந்துவிடுவேன். ரேடியோவில் மாநிலச் செய்தி முடியும்போது அவர் எஸ்டேட் வாசலில் இருப்பார் என்று கணக்கு. அதன் பிறகுதான் எழுந்து பிள்ளைகளுக்குத் தலை பின்னுவேன்.

ஐப்பசி மழை பெய்து ரோடெல்லாம் சேறாகிக் கிடந்த ஒரு காலை. வழக்கம்போல வாரைப் பூட்டி அனுப்பினேன். பிள்ளைகளுக்காக ஜெபித்து முடித்து, சபைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து எருமை ஒன்று ரோட்டில் ஏறியது அந்த நேரத்தில்தான். அவர் பிரேக் பிடித்தார். சேற்றில் வண்டி வழுக்கி, அவரைத் தூக்கி வீசியது. ரோட்டோரக் கல்லில் தலை போய் இடித்தது.

சேதி கொண்டு வந்தவர் பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருந்த ஒரு பாய். அந்த வழியாக வந்த அவர்தான் தன் டெம்போவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். சட்டையெல்லாம் சேறு. என்னைப் பார்த்ததும் கையை உயர்த்திக்கொண்டே வந்தார்.

"அக்கா, பதறாதீங்க. அண்ணாத்தே பேசிகினு தான் கீறாரு. காலு ஒட்ஞ்சிகீது, தோள்பட்ட எறங்கிகீது. தலைல ஒண்ணும் இல்ல. ஹெல்மெட்டு தான் பொளந்துகிச்சி."

நான் அதே டெம்போவில் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அந்த ஹெல்மெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வார் பூட்டாம இருந்திருந்தா கீழ விழறதுக்குள்ளயே இது கழண்டு போயிருக்கும்மா. இந்த உடைசல் அவர் மண்டையில இருந்திருக்கும்" என்றார். அந்த வெடிப்பில் என் விரல் முழுசாக நுழைந்தது. பெட்டிக்குள் கிடந்த யோவேல் முகம் கண் முன்னால் வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார். உதடு காய்ந்திருந்தது.

"எஸ்தரு, நான் ஜெபம் பண்ணல மே. எருமைய பாத்ததும் ஏசப்பான்னு சொல்லக்கூட நேரம் இல்ல."

"நான் பண்ணிகினு இருந்தேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

அவர் கால் கூடி மறுபடியும் வேலைக்குப் போக அடுத்த கோடை வந்துவிட்டது. புது ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் போனார். பாஸ்டரும் ஒன்று வாங்கினார். "எனக்குப் புரியாம போச்சும்மா" என்று என்னிடம் வந்து சொன்னார்.

ஆனால் யோவேல் அம்மாவை வைத்துக்கொண்டு சபையில் இந்தச் சாட்சியைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவர்களும்தானே மகனுக்காக ஜெபித்தார்கள்? அவன் ஏன் போனான் என்று எனக்கு இன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதையே முதலில் சொல்லிவிட்டுத்தான் சாட்சியைச் சொன்னேன். சொல்லி முடித்து நான் இறங்கியபோது அவர்களே எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆராதனை முடிந்ததும் அவர்கள் சபை வாசலில் போய் நின்றார்கள். வண்டி எடுக்கிற ஒவ்வொரு வாலிபனையும் நிறுத்தி, "குனிடா" என்று சொல்லி வாரை இழுத்துப் பூட்டினார்கள். ஒரு பையனும் கூச்சப்பட்டு விலகவில்லை. இன்றைக்கும் அவர்கள் அங்கே நிற்கிறார்கள்.

இதை வாசிக்கிற சகோதரனே, கிளம்புமுன் வெறுந்தலையோடு ஆண்டவர் முன்னால் முழங்கால் போடு. ஆமென் சொன்ன பிறகு ஹெல்மெட்டை மாட்டி, வாரைப் பூட்டி, ரோட்டைப் பார்த்து ஓட்டு. அவரை நம்பு, என் வீட்டுத் தலையைக் காத்தவர் உன் தலையையும் மறக்கமாட்டார். வழியில் செய்ய வேண்டிய ஜெபத்தை எங்களிடம் விட்டுவிடு. நீ போய்ச் சேரும் வரை முக்காடு போட்டுக்கொண்டு வீட்டில் நாங்கள் இருக்கிறோம்.