காதில் எழுதிய காவி

என் மதினி, அண்ணன் பெண்டாட்டி, காபி குடிக்கும்போது உதட்டின் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். விட்டால் வழிந்துவிடும். திண்டுக்கல் நாகல் நகரில் என் வீட்டுக்கு வந்தால், டம்ளரை வாங்கிய கையோடு சுவர்ப் பக்கம் திரும்பி உட்காருவார். முன்பெல்லாம் சாணார்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும், சிரிப்புச் சத்தத்தை வைத்தே மதினி எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். அந்தச் சிரிப்பை நோய் கொண்டுபோனது பாதி, எங்கள் வீட்டார் கொண்டுபோனது பாதி.

முதலில் காதில் வலி, பிறகு மடல் முழுக்கக் கொப்புளம். அக்கி என்றார்கள். அக்கி எழுதுபவரிடம் கூட்டிப்போய், காவிமண்ணைக் குழைத்துக் காதிலும் கன்னத்திலும் பூசி எழுதவைத்துக் கூட்டிவந்தார்கள். மறுநாள் காலையில் வாய் ஒரு பக்கம் கோணிவிட்டது. அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியவில்லை. பதறிப்போய் நான் ஊருக்கு ஓடினேன், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னேன்.

"காவி தானா உதிருற வரைக்கும் ஊசி மருந்து ஆகாது. டவுன்ல இருக்கோம்னு இங்க வந்து சட்டம் பேசாத," என்றான் அண்ணன். அம்மாவும் அவன் பக்கம்தான். முகம் கோணிய மதினியிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காவி பெரும்பாலும் உதிர்ந்தும் வாய் திரும்பாததால் ஒருவழியாகக் கிளம்பினார்கள். அப்போதும் என் அம்மா ஒரு காரியம் செய்தார். மிச்சமிருந்த காவியை எண்ணெய் தொட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, "அக்கின்னு வாயத் தொறக்காத, டாக்டர் வைவாரு," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். முன்பு பேரனுக்கு மந்திரித்த கயிறு கட்டியதற்காக, கூட்டத்துக்கு நடுவில் ஒரு டாக்டர் அம்மாவைக் காய்ச்சி எடுத்திருந்தார். அந்தப் பயம். இந்த டாக்டரும் கொப்புளம் காய்ந்த காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. ஸ்கேன் எடுத்துவிட்டு, முகநரம்பு வாதம், போகப் போகச் சரியாகும் என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

அடுத்த தடவை நான் கூடவே போய் எல்லாவற்றையும் உடைத்துச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இத மொதல்லயே சொல்றதுக்கென்னம்மா? அக்கியும் வைரஸ்தான், அதுதான் முகநரம்பத் தாக்கியிருக்கு. வைரஸ் மாத்திரையும் ஸ்டீராய்டும் சேத்து ஆரம்பத்துலயே குடுத்திருந்தா நரம்பு தேற நல்ல வாய்ப்பு இருந்துச்சு. இப்பக் குடுத்தா எம்புட்டுக் கேக்கும்னு சொல்ல முடியாது."

சொல்லாதது எங்கள் தப்பு, சரி. கேட்காதது யார் தப்பு? சொன்னால் மானத்தை வாங்குவார்கள் என்று ஜனம் பயப்படுகிற இடத்தில், மாத்திரை இருந்து என்ன பிரயோசனம்? கேட்டேவிட்டேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மதினியின் முகம் கொஞ்சம் தேறியது, முழுதாகத் தேறவில்லை.

போன வருடம் அண்ணனுக்கு இடுப்பில் அக்கி வந்தது. அதே அண்ணன், விடிந்ததும் விடியாததுமாகப் பைக்கை எடுத்துக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பறந்து, மத்தியானத்துக்குள் வைரஸ் மாத்திரையோடு வீடு வந்து சேர்ந்துவிட்டான். பார்க்கப் போன நான் கேட்டேவிடுவது என்றுதான் வாசலேறினேன். மதினி தண்ணீர்ச் சொம்போடு அவன் எதிரில் நின்றிருந்தார்.

"ஏங்க, ஒங்களுக்குக் காவி எழுத வேணாமா?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மாத்திரையை விழுங்கினான்.