கௌதள்ளியில் கை நனைத்தது

உடலில் இருக்கும் செரட்டோனின் என்ற ரசாயனத்தில் பெரும்பகுதி மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது என்று மைசூரில் என் குடல் மருத்துவர் சொன்னார். சாப்பாடு இறங்கியதும் அது சுரந்து குடலை நகர்த்துமாம். எரிச்சல் குடல் நோயில் என்னைப் போல வயிற்றுப்போக்கு வகையைச் சேர்ந்த சிலருக்கு, சாப்பிட்டபின் அதன் அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏறுமாம். என் அளவைச் சோதிக்க முடியுமா என்று கேட்டேன். ஆராய்ச்சிக்குத்தான் சோதிப்பார்கள், வைத்தியத்துக்குத் தேவையில்லை என்றார். நாலு பேரிடம் காட்ட ஒரு காகிதம் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன்.

பயண நாட்களில் நான் சாப்பிடுவதில்லை. தம்பிக்குப் பெண் கேட்டுக் கௌதள்ளிக்குப் போன அன்றும் பட்டினி. மைசூர் ஹெப்பாளில் தம்பியோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண். அவள் அப்பாவை இந்தப் பேச்சுக்கு இணங்கவைக்க இருவருக்கும் இரண்டு வருடம் ஆகியிருந்தது.

பேச்சு நல்லபடியாக முடிந்து இலை போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் கை நனைத்தால் சம்மதம்; நனைக்காமல் எழுந்தால் சம்பந்தம் இல்லை. எங்களுக்கு அப்பா இல்லாததால் முதல் கை என்னுடையது. வேனில் மூன்று மணி நேரம் திரும்பிப் போக வேண்டுமே என்று, வயிறு சரியில்லை, எனக்கு வேண்டாம் என்றேன். பெண் பிடிக்காதவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணம் அதுதான் என்பது சொன்ன பிறகே நினைவுக்கு வந்தது.

பரிமாறிய கைகள் நின்றன.

"வவுறு எல்லாருக்குந்தான் இருக்குதுங்க," என்றார் பெண்ணின் அப்பா. "புடிக்கலைன்னா சொல்லிப்போடுங்க."

"ரெண்டு வாய் போதும்ணா," என்றான் தம்பி, இலையைப் பார்த்தபடி.

நான் செரட்டோனினை விளக்கினேன். பதினாறு பேர் கேட்டார்கள். பெண்ணின் அப்பா குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்று விசாரித்தார். இருபது நிமிடம் என்றேன்.

"அப்ப சாப்புடுங்க. பாத்துக்கலாம்."

சாதம், சாம்பார், பாயசம் எல்லாம் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது. பதினெட்டாவது நிமிடம் எழுந்தேன். அவரே வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் வழிகாட்டினார்.

வெற்றிலை பாக்குத் தட்டை மூத்தவன்தான் வாங்க வேண்டும் என்பதால் எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பி வந்ததும், தட்டை நீட்டுமுன் கை கழுவியாயிற்றா என்று மட்டும் கேட்டார். கழுவியிருந்தேன். வாங்கிக்கொண்டேன்.